ஓரத்து நாற்காலி

“மெதுவா ஊத்துங்க தம்பி. வலது பக்கம் மொதல்ல,” என்றார் மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த பெரியவர்.

அஃப்ஸல் செம்பைச் சாய்த்தான். தண்ணீர் வாப்பாவின் தோளில் விழுந்து, மார்பின் நரைமுடியைப் படிய வைத்து, பலகை ஓரமாக வழிந்து முற்றத்து மடைக்குப் போனது. நாலு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மேலே மட்டும் திறந்திருந்தது. காயல்பட்டணத்துக் காலை வெயில் அந்த வழியாக இறங்கி, செத்துப்போன மனுஷருக்கும் வஞ்சனையில்லாமல் காய்ந்தது.

துணிக்கு வெளியே, ஆணியில் தொங்கிய அவன் சட்டைப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. இது மூன்றாவது தடவை. யாரென்று பார்க்காமலே தெரியும். தூத்துக்குடி ஆன்டனி. ஒரு காலத்தில் கூட விளையாடியவன், இப்போது ஆட்டக்காரர்களுக்கு க்ளப் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். விடியற்கால சுபுஹு நேரத்தில் வாப்பா மௌத்தான விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் அவன் அனுப்பிய செய்திக்குப் பதில் கேட்டுத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மலைநாட்டு ஃபுட்பால் க்ளப் ஒன்றில் முதல் கோல்கீப்பருக்குக் கை ஒடிந்துவிட்டது. சீசனில் மிச்சம் பதினோரு மேட்ச். பதினொன்றுக்கும் அஃப்ஸலையே இறக்குவதாகச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணியோடு க்ளப்புகள் ஆள் மாற்றுவதற்கான கெடு முடிகிறது. அதற்குள் ஃபோனிலேயே கையெழுத்துப் போட வேண்டும். முதல் மேட்ச் சனிக்கிழமை.

இன்று வியாழக்கிழமை.

பதினோரு மேட்ச் என்றால் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு அஃப்ஸலின் கதை தெரிந்திருக்காது. வயது முப்பத்திரண்டு. பதினான்கு சீசன், ஒன்பது க்ளப். கோவா, கொல்கத்தா, பெங்களூரு, மறுபடியும் கோவா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் இந்தியா முழுக்க அவனுக்கு டீக்கடை தெரியும். ஆனால் ஒன்பது க்ளப்பிலும் அவன் இரண்டாவது கீப்பர், இல்லையென்றால் மூன்றாவது. முன்னால் ஓடுகிறவன் களைத்துப்போனால் அடுத்தவனை இறக்குவார்கள். கீப்பருக்குக் கை கால் ஒடிந்தாலொழிய அடுத்த கீப்பருக்கு வேலை கிடையாது. ஒரு மனுஷனுக்கு அடிபட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது, வேண்டிக்கொள்ளாமலும் இருக்க முடியாது. இந்தப் பாவத்தோடு பதினான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்ததில், லீக் ஆட்டத்தில் அவன் மைதானத்துக்குள் நின்றது மொத்தம் இருநூற்று மூன்று நிமிடம். யாருக்கும் அக்கறையில்லாத இரண்டு முழு மேட்ச். அது போக, முதல் கீப்பருக்குச் சிவப்பு அட்டை காட்டிய அன்று ஒரு இருபத்து மூன்று நிமிடம்.

அந்த இருபத்து மூன்று நிமிடத்தில் இரண்டு கோல் விட்டான். அன்றைக்கு வாப்பா ஃபோன் பண்ணி, “சாப்டியா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மேட்ச் என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. ஏழு வருடமாக அந்தச் ‘சாப்டியா’ அவன் நெஞ்சில் மீன்முள்ளாகக் கிடந்தது. மகன் மானத்தை வாங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் பேச்சை மாற்றினாரா? நேரில் கேட்க ஏழு வருடமாகத் தைரியம் வரவில்லை. நேற்று மதியம் விமானத்தில் வந்து இறங்கியபோதுகூடக் கேட்டிருக்கலாம். வாப்பா கண்ணைத் திறந்து பார்த்து, உதட்டை அசைத்து, அதே வார்த்தையைத்தான் கேட்டார். “சாப்டியா?”

“கையை விரிச்சுப் புடிங்க,” என்றார் பெரியவர். அஃப்ஸல் வாப்பாவின் வலது கையைப் பிடித்து விரித்தான். உள்ளங்கையில் இன்னும் காய்ப்பு இருந்தது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் போகாத காய்ப்பு.

வாப்பா மக்தூமுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தின் எண்ணெய்க் கப்பல் மேடையில் வேலை. கப்பலிலிருந்து எண்ணெய் இறங்குகிறவரைக்கும், தீப்பிடித்தால் அணைப்பதற்காகத் தண்ணீர்க் குழாயோடு தயாராக நிற்க வேண்டும். எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு. இருபத்தாறு வருடம் நின்றார். ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகைக்காகக் கடலுக்குள் தண்ணீர் பீய்ச்சுவதோடு சரி. வேலை என்ன என்று யாராவது கேட்டால், “ஸ்டான்ட்-பை” என்பார், ஏதோ கலெக்டர் உத்தியோகம்போல.

கேலிக்கும் குறைவில்லாத மனுஷர். இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். ஒவ்வொரு தடவை அஃப்ஸல் க்ளப் மாறும்போதும், “நான் வாழ்க்கையில ஒரே ஒரு ட்ரான்ஸ்ஃபர்தான். எங்க உம்மா வீட்டுலேர்ந்து இந்த வீட்டுக்கு. முப்பத்தெட்டு வருசமா ஒங்க உம்மா என்னைய வெளியே எடுக்கல பாரு,” என்பார். உள்ளேயிருந்து உம்மா சம்சுன்னிசா, “எடுத்தா வேற ஆரு வாங்குவா?” என்பாள்.

கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து ஊற்றினார்கள். ஃபோன் நாலாவது தடவை அதிர்ந்தது. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபோனுக்குக் காது கொடுக்கிறோமே என்று அஃப்ஸலுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் காது போகத்தான் செய்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், அஃப்ஸலின் தகப்பனாருமான மக்தூம் வஃபாத்தாகிவிட்டார்கள், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். அதற்குள் வீடு நிரம்பிவிட்டது. தெருவில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலி வந்து, அதுவும் போதாமல் அக்கம்பக்கத்து நாற்காலியெல்லாம் வெளியே வந்தன. அக்காவான ரிஃப்கா ராத்தாவின் மாப்பிள்ளை நௌஃபல் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தான். துபாயில் கடை வைத்திருக்கிறவன். எதிலும் ஒழுங்கு வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் அஃப்ஸலை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினான்.

“மூணு நாளைக்கு நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது மச்சான். சனிக்கிழமை மூணாம் ஃபாத்திஹா. வாரவங்க கையப் புடிச்சு ஸலாம் சொல்ல மகன் நிக்கணும்.”

அஃப்ஸல் தலையாட்டினான். முதல் மேட்சும் அதே சனிக்கிழமைதான்.

உச்சி வெயிலில் காசிலிங்கம் வந்தார். தூத்துக்குடியிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்திருந்தார். வாப்பாவோடு அதே எண்ணெய் மேடையில், வாசல் கேபினில் வேலை பார்த்தவர். நெருப்புக்கு ஆகாது என்பதால் மேடைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. உள்ளே போகிறவர்களின் ஃபோனையெல்லாம் வாங்கி மரப்பெட்டியில் வைத்துக் காவல் காப்பதுதான் அவர் உத்தியோகம். உள்ளே போய் மையித்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அஃப்ஸல் கைக்குக் கிடைத்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

காசிலிங்கம் உட்காரவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத ஆருலே வெளிய எடுத்தா?”

“தெரியல மாமா. சேர் பத்தலன்னு யாரோ எடுத்திருப்பாங்க.”

“இதுல நான் உக்கார மாட்டேன். இது அண்ணாச்சி டிவி பாக்குத நாற்காலில்லா.”

நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கூடத்து டிவிக்கு இடது பக்கம், திரைக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் நாலு வட்டத் தழும்பு இருந்தது. கால்களை அதில் சரியாகப் பொருத்தி வைத்தார்.

“இவ்வளவு ஓரத்துலயா போட்டிருந்தாங்க?” என்று கேட்டான் அஃப்ஸல். அவன் வீட்டுக்கு வரும் நாட்களில் மேட்ச் இருக்காது. வாப்பா மேட்ச் பார்த்து அவன் பார்த்ததே இல்லை.

“ஓரத்துலதாம்ல. நான் ரிட்டயர் ஆனப்பெறவு ஒன் மேட்ச் இருக்க அன்னைக்கெல்லாம் இங்கன வந்துருவேன். அண்ணாச்சி கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிக்கிட்டு, அந்த மூலையையே பாத்துக்கிட்டு இருப்பாரு. பந்து அங்கன ஓடுது, நீங்க எங்கன பாக்கியன்னு கேட்டேன். பந்தைப் பாக்க ஊரே இருக்கு காசி, நான் எம்மவனப் பாக்கேன்னாரு.”

“நான் பெஞ்சுலல்ல இருந்தேன்.”

“அதைத்தாம்ல சொல்லுதேன். பெஞ்சு திரையோட ஓரத்துலதான தெரியும்? சில மேட்சுல மேல வரும், சில மேட்சுல கீழ வரும். ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு. அதுக்காவத் தொண்ணூறு நிமிசம் இமைக்காம இருப்பாரு. கோல் விழுந்தா மத்தவன்லாம் குதிப்பான், இவன் மட்டும் கையுறைய மாட்டிப் பாத்துக்கிடுவாம்பாரு. கொல்கத்தாவுல இருந்தப்ப நீ வலது முட்டியத் தடவிக்கிட்டே இருந்தியாமே?”

அஃப்ஸல் குனிந்து வலது முட்டியைப் பார்த்தான். முட்டியில் வலி இருந்ததை அவன் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது இடமும் போய்விடும். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து கூரியரில் ஒரு பாட்டில் தைலம் வந்தது. கடிதம் கிடிதம் ஒன்றுமில்லை. உம்மா சும்மா அனுப்பியிருப்பாள் என்று தேய்த்துக்கொண்டான். நல்ல தைலம். வலியும் போய்விட்டது.

ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி, ஒரு செகண்டு தெரிந்த உருவத்தின் முட்டியில் ஒருவர் வலியைக் கண்டிருக்கிறார். பெரிய க்ளப்புகளில் எத்தனையோ பேர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவனை அளந்திருக்கிறார்கள். எவனுக்கும் இது அகப்படவில்லை. அஃப்ஸல் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பள்ளிவாசலுக்குள் முதல்முதலாக நுழைந்த நாளில் மேலே அண்ணாந்து பார்த்தபோது ஏற்பட்டதுபோல, உடம்பு சிறுத்துப்போய் நின்றது.

“அப்ப ஏன் மாமா, நான் எறங்குன அன்னைக்கு மட்டும் வாப்பா ஒண்ணுமே கேக்கல?”

காசிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையித்து வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒங்கிட்ட சொல்லவே இல்லையா? அன்னைக்கு அண்ணாச்சிக்கு டூட்டி. ஃபோன எங்கிட்ட குடுக்கும்போதே மேட்ச் ஓடிக்கிட்டு இருக்கு. அணைச்சிராத காசி, அவன் எறங்க மாட்டான், எறங்குனா மட்டும் வாக்கி-டாக்கில சொல்லுன்னுட்டுப் போனாரு. நீ எறங்குத. அவசரத்துல எங்க ரெண்டு பேருக்கும் உள்ள சேனல்ல பேசாம, எல்லாருக்கும் பொதுவான சேனல அமுக்கிட்டேன். ‘அஃப்ஸல் எறங்கிட்டான், ஓவர்’ங்கேன். துறைமுகம் பூரா கேட்டுருக்கு. கப்பல இழுக்குத டக் போட்டுல இருந்து ஒருத்தன் கேக்கான், யாருவே அஃப்ஸல், கடல்லயா எறங்கிட்டான்னு. ஆள் தண்ணில விழுந்துட்டான்னு நெனைச்சிட்டான்.”

“அப்புறம்?”

“அண்ணாச்சி கொரல் வந்துச்சு. ‘எம்மவன். கோலுக்கு நிக்கான்’ன்னாரு. அவ்வளவுதான். அதுக்குப் பெறவு அந்தச் சேனல்ல ஒரு பய வாயத் தொறக்கலலே. கப்பல்காரன், டக் போட்டுக்காரன், கயிறு கட்டுதவன், அம்புட்டுப் பேரும் கம்முன்னு இருக்கான். நான் மட்டும் பேசுதேன். புடிச்சிட்டான். போயிருச்சு. புடிச்சிட்டான். தட்டிவுட்டான். போயிருச்சு. இப்படி இருவத்தி மூணு நிமிசம். விசில் அடிச்சு முடிஞ்சதும் அண்ணாச்சி கேட்டாரு, மொத்தம் எத்தனை புடிச்சான்னு. அஞ்சுன்னேன். சரின்னாரு. ஒடனே ஒருத்தன் டக் போட்டுல ஹாரன் அடிச்சான். மறு நாளு எங்க ரெண்டு பேருக்கும் மெமோ.”

“மெமோவா?”

“பின்ன? ‘அஃப்ஸல் இறங்கிவிட்டான் என்ற, அலுவலுக்குத் தொடர்பற்ற செய்தியைப் பொது அலைவரிசையில் பரப்பியது’. எனக்கு மனப்பாடம். அண்ணாச்சிக்கு அம்புட்டுச் சந்தோசம். எம்மவன் பேரு கம்பெனி ஃபைல்ல ஏறிருச்சு காசின்னாரு. அன்னைக்கு டூட்டி முடிஞ்சு ஃபோன வாங்கி ஒன்னத்தான் மொதல்ல கூப்பிட்டாரு. நம்பரப் போட்டாரு, ரிங் போச்சு, நீ எடுத்துட்ட. மனுசனுக்குக் கொரல் வரல. நான் பக்கத்துல நிக்கேன். கண்ணு ரெண்டும் நெறஞ்சு போயி, கடைசியில சாப்டியான்னு கேட்டாரு.”

அஃப்ஸல் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதான்.

மாலைத் தொழுகையான அஸருக்கு முன் சந்தூக்கில் வாப்பாவை வைத்தார்கள். மையித்தைச் சுமக்கிற அந்தப் பெட்டியின் முன் இடது கைப்பிடியை அஃப்ஸல் தோளில் வாங்கினான். பெண்கள் பக்கம் ஒரே ஒரு விம்மல் எழுந்து அடங்கியது. கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் தெருவில் இறங்கியது.

சந்தூக்கைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. பத்தடி, மிஞ்சினால் பதினைந்தடி. பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொடுவார். தொட்டால் கொடுத்துவிட்டு விலக வேண்டும். சுமக்கிற நன்மை எல்லாருக்கும் சேர வேண்டும் என்பது கணக்கு. ஊரில் பால்குடி மறந்த எல்லாருக்கும் இது தெரியும். அஃப்ஸலுக்கும் தெரியும். ஆனால் தோளில் கை விழுந்தபோது அவன் கொடுக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டான். மறுபடியும் தொட்டார்கள். அவன் அசையவில்லை. பதினான்கு வருடம் இன்னொருவன் வெளியே வருவதற்காகக் காத்திருந்தவன், கிடைத்த இடத்தை விடுவானா? மற்ற மூன்று மூலையிலும் ஆள் மாறி மாறி உயரம் ஏறி இறங்கியது. அவன் மூலை மட்டும் மாறாததால் பெட்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கியது.

“தம்பி, விடுங்க,” என்றார் குளிப்பாட்டிய பெரியவர், அவன் காதோரம். “எல்லாருக்கும் அவங்க மேல ஆசை இருக்குல்ல.”

அஃப்ஸல் திரும்பிப் பார்த்தான். அவன் தோளில் இருந்தது காசிலிங்கத்தின் கை. அவர் முகத்தைப் பார்த்ததும் தோள் தானாக இறங்கியது. காசிலிங்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சந்தூக்கின் கீழே புகுந்தார். அஃப்ஸல் தெரு ஓரத்தில் ஒதுங்கி நின்றான்.

அங்கிருந்துதான் முழுசாகத் தெரிந்தது. தூக்கிக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் தோளும் தன் பாரமும். ஓரத்தில் நின்று பார்த்தால், பெட்டி யாருடையதாகவும் இல்லாமல் தலைகளுக்கு மேலே மிதந்து போனது. ஒரு கை வர, ஒரு கை விலக, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மீன் ஏலத்துக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர், விடுமுறைக்கு வந்த சவூதிக்காரர் என்று எல்லாரும் தங்கள் பத்தடிக்குக் காத்திருந்து, வாங்கி, கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்கள். கடற்கரை மைதானத்தைத் தாண்டும்போது அங்கே பயிற்சியில் இருந்தவர்கள் பந்தைப் போட்டுவிட்டு, வேர்வையோடு, சேறு படிந்த பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் ஓடிவந்தார்கள். இரண்டு அணி ஜெர்சியும் கலந்து சந்தூக்கின் கீழே நுழைந்தது. வாழ்நாளெல்லாம் ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற மனுஷருக்கு இத்தனை தோளா என்று அஃப்ஸலுக்கு மலைப்பாக இருந்தது. இந்த ஓரத்திலிருந்துதான் வாப்பா பதினான்கு வருடமும் பார்த்திருக்கிறார். ஓரம் என்றால் ஒன்றும் நடக்காத இடம் என்று அவன் நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்.

பள்ளிவாசல் வாசலில் அவன் ஃபோனை எடுத்துக் காசிலிங்கத்திடம் நீட்டினான். “வச்சிக்கிடுங்க மாமா.”

“எனக்கு என்ன, பழகுன வேலைதான,” என்று வாங்கிக்கொண்டார்.

ஜனாஸா தொழுகையில் குனிவது இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நின்றபடியே முடிகிற தொழுகை. வரிசை வரிசையாக ஆட்கள் நின்றார்கள். முன்னால் வாப்பா கிடந்தார். ‘அல்லாஹு அக்பர்’ என்று நான்கு தக்பீர், கடைசியில் ஸலாம், அவ்வளவுதான். நிற்பதையே தொழுகையாக ஏற்றுக்கொள்கிறார்களே என்று இத்தனை வயதில் முதல்முறையாக அவனுக்குத் தோன்றியது.

கபுருக் குழிக்குள் மகன் இறங்க வேண்டும். அஃப்ஸலும் நௌஃபலும் இறங்கினார்கள். மேலே கொதித்த மணல் அடியில் ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. “ரெண்டு கையையும் நல்லா விரிச்சு வச்சுக்கிடுங்க,” என்று மேலேயிருந்து சொன்னார்கள். அஃப்ஸல் கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, கைகளை நீட்டினான். அதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை வீதம் பதினான்கு வருடம் பழகியது. வருவதை முட்டித் தடுக்கக் கூடாது. கை கொஞ்சம் பின்வாங்கி, வருவதன் வேகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கஃபன் துணியில் வாப்பா இறங்கி வந்தார். எத்தனையோ மைதானத்துப் பந்தைப் பிடித்துப் பார்த்த கையில் இப்படி ஒரு பாரம் வந்து இறங்கியதில்லை. கனமாகவும் இருந்தது, கனமே இல்லாமலும் இருந்தது. ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல் அவரை மார்போடு வாங்கி, வலப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தான். மேலே நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். எதிரே நின்ற நௌஃபல், “அல்லாஹ்,” என்றான் மெதுவாக. மச்சான் என்ன வேலை பார்க்கிறான் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

மண் போட்டு முடித்து, துஆ ஓதிக் கூட்டம் கலையப் போகிற நேரம். காசிலிங்கம் தானும் மூன்று பிடி மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் பேசியது மதில் வரைக்கும் கேட்டது. துறைமுகத்துத் தொண்டை.

“ஏலே அஃப்ஸலு, ஆன்டனின்னு ஒருத்தன் பேசுனான். நான் எடுத்துட்டேன். பதினோரு மேட்சாம்லா. பதினொண்ணுக்கும் நீதானாம். ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். விசயத்தச் சொன்னேன், ரொம்ப வருத்தப்பட்டான். அவன் உள்ள நிக்கான், வெளிய வந்ததும் சொல்லச் சொல்லுதேன்னேன்.”

இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காசிலிங்கம் ஃபோனை அஃப்ஸலிடம் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொதுச் சேனலை இன்னொரு தடவை அமுக்கிவிட்டார்.

“எப்ப மேட்ச்?” என்று கேட்டான் நௌஃபல்.

“சனிக்கிழமை.”

நௌஃபல் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தான். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்றால் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் அஃப்ஸல் நினைத்தான். வாப்பாவைப் புதைத்த மண் கையில் காய்வதற்குள் வாய்ப்பைத் தேடி ஓடினான் என்ற பேச்சு உம்மாவைத்தான் முதலில் சுடும்.

வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கூட்டம் குறைந்து, கூடத்தில் வீட்டு ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். சம்சுன்னிசா வெள்ளைச் சேலையில் உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். இத்தா தொடங்கிவிட்டது. நாலு மாதம் பத்து நாளைக்கு இனி அவள் வாசல் தாண்ட மாட்டாள்.

“ஒங்க வாப்பாவ நல்லா வாங்கி வச்சியாமே,” என்றாள்.

“ஆமா உம்மா.”

“மணி என்ன?”

“அஞ்சே முக்கா.”

“பதினோரு மேட்சு முடிய எத்தனை மாசம் ஆவும்?”

“மூணு மாசம் உம்மா. ஆனா சனிக்கிழமை இங்க...”

“என் இத்தா நாலு மாசம் பத்து நாள். அதுக்குள்ள முடிஞ்சிரும்.” அவள் நௌஃபலைப் பார்த்தாள். தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நௌஃபல் வாசலில் கிடந்த நாற்காலிகளை எட்டிப் பார்த்தான். பிறகு, “வாசல்ல நான் நிக்கிறேன் மாமி,” என்றான்.

அஃப்ஸல் ஃபோனை எடுத்து விரலை வைத்தான். மண் அப்பிய விரலை ஃபோனுக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி வைத்தான். திறக்கவில்லை. வேட்டி முனையில் மெதுவாகத் துடைத்தான். மூன்றாவது தடவை திறந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“போட்டுட்டேன் உம்மா.”

“டிவியில எந்தப் பக்கம் நிப்பே?”

“மொதல் பாதி ஒரு பக்கம், ரெண்டாவது பாதி அடுத்த பக்கம். இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறிரும்.”

“மாறட்டும்,” என்றாள் சம்சுன்னிசா. “சத்தத்தை வைக்காமப் பாத்துக்கிடுதேன். நாற்காலிய மாத்திப் போட்டுக்கிட்டாப் போச்சு.”

எழுந்து போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். ரிஃப்கா உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒரு முழம், இன்னொரு முழம் என்று தானே இழுத்து, டிவிக்கு நடுவில் கொண்டுவந்து போட்டாள். ஓரத்தில், தரையில் நாலு வட்டம் மட்டும் இருந்தது. அதன்மேல் யாரும் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.